அர்ஜுனன் தேரில் உட்கார்ந்தபோது



இந்த மாதப் பாடத்தை ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். பகவத் கீதையின் முதல் அத்தியாயத்துக்கு என்ன பெயர்?

கீதை வகுப்புக்குப் போனவர்கள்கூட இதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். பெரும்பாலும் முதல் அத்தியாயத்தை ஒரே நாளில் ஓட்டிவிட்டு, "சரி, இனிமேதான் விஷயமே இருக்கு" என்று இரண்டாவதுக்குப் போய்விடுகிறோம். நானும் பல முறை அப்படித்தான் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

அதன் பெயர் அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் ஆழ்ந்த துயரம், மனம் இடிந்துபோதல். எழுநூறு சுலோகங்கள் கொண்ட நூல், ஒரு பெரிய வீரன் மனம் இடிந்து உட்கார்ந்துவிடுவதில்தான் தொடங்குகிறது. அந்த நிலையை "வெட்கம்" என்றோ "கோழைத்தனம்" என்றோ அத்தியாயத்துக்குப் பெயர் வைக்கவில்லை. அதையும் ஒரு யோகம் என்றே வைத்திருக்கிறார்கள்.

படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இந்த முதல் அத்தியாயம் மிகவும் தேவை. ஏன் என்று பார்ப்போம்.

கார் நிறுத்துமிடத்தில் இருபது நிமிடம்

கவிதா என்று ஒரு தங்கையை எண்ணிக்கொள்வோம். கற்பனைப் பெயர்தான். ஆனால் இவரைப் போன்றவர்களை நம் கிளைகளில் எல்லோரும் பார்த்திருப்போம்.

கவிதாவின் சொந்த ஊர் சித்தியவான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. சம்பளம் வந்ததும் அறை வாடகை, கார் தவணை, பிடிபிடிஎன் கடன், வீட்டுக்கு அறுநூறு வெள்ளி. தம்பிக்கு அடுத்த ஆண்டு கல்லூரி. இரவு பத்து மணிக்கும் மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப் வரும். "பார்த்தாச்சா?" என்று மறுபடியும் வரும்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வயிற்றைப் பிசையும். பிறகு தூக்கம் போனது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. சனிக்கிழமை தேவார வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கேட்டால் "பிஸி அண்ணா" என்பார். இப்போதெல்லாம் காலையில் அலுவலகக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபிறகும் மைவியை விட்டு இறங்க முடிவதில்லை. இருபது நிமிடம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அழுகைகூட வருவதில்லை. அம்மா போன் செய்தால், "எல்லாம் ஓகே மா. கொஞ்சம் வேலை ஜாஸ்தி, அவ்ளோதான்."

இப்போது முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். அர்ஜுனன் தனக்கு என்ன ஆகிறது என்று தன் வாயாலேயே சொல்கிறான். கைகால் தளர்கிறது, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, தோல் எரிகிறது, வில் கையிலிருந்து நழுவுகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. கடைசியில் வில்லையும் அம்பையும் போட்டுவிட்டுத் தேரிலேயே உட்கார்ந்துவிடுகிறான்.

அர்ஜுனனுக்கு வந்தது மருத்துவர்கள் சொல்லும் மனச்சோர்வு நோய் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுடைய துயரத்துக்குக் காரணம் வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திறமை இல்லாததால் அவன் உட்காரவில்லை. அந்தப் படையிலேயே சிறந்த வில்லாளி அவன். திறமையும் துணிவும் உள்ளவருக்கும் வில் நழுவும் நேரம் வரும் என்பதை நம் நூல் மறைக்கவே இல்லை.

மூன்றும் ஒன்றல்ல

"ஸ்ட்ரெஸ்சா இருக்கு லா" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு என்ன செய்வது என்று தெரியும்.

மன அழுத்தம்: சுமை கூடும்போது வருவது. கணக்கு முடிக்கும் மாதம், புதிய மேலாளர், முதல் முறை எல்லோர் முன்னிலையிலும் பேசுவது. சுமை இறங்கினால் இதுவும் பெரும்பாலும் இறங்கிவிடும். நல்ல தூக்கம், இரண்டு நாள் ஊர், அம்மா சமையல் ஆகியவை பலன் தரும்.

பணிச்சோர்வு: வேலையிடத்து அழுத்தம் நீண்ட நாள் கவனிக்கப்படாமல் கிடந்தால் வருவது. உடலிலும் மனத்திலும் தெம்பே இருக்காது, வேலைமேல் வெறுப்பு தட்டும், செய்வது எதுவும் உருப்படாதது போலத் தோன்றும். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் இதை ஒரு நோயாக வைக்கவில்லை, வேலை சார்ந்த நிலையாக வைத்திருக்கிறது. ஆகவே ஆளை மட்டும் சரிசெய்து பயனில்லை. வேலை நடக்கும் விதமும் மாற வேண்டும்.

மனச்சோர்வு: இது நோய். மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது இரண்டும் இதன் முக்கிய அடையாளங்கள். இவற்றோடு தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, பசி மாறுவது, சோர்வு, கவனம் நிற்காதது, நடையும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவையும் சேரலாம். இந்த ஒன்பதில் ஐந்தாவது, முதல் இரண்டில் ஒன்றையும் சேர்த்து, ஏறக்குறைய நாள் முழுவதும் இரண்டு வாரத்துக்கு நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவு பற்றிய எண்ணம் வந்துவிட்டால் இரண்டு வாரமும் வேண்டாம், ஐந்தும் வேண்டாம். அன்றே பேச வேண்டும்.

இது அரிதான நோயுமல்ல. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருந்தது. 2019இல் இது 2.3 விழுக்காடு. நான்கே ஆண்டில் இரட்டிப்பு.

ஏன் வேலையின் தொடக்கத்தில்?

பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பாடத்திட்டம் இருந்தது, தேர்வுத் தேதி இருந்தது, முடிவில் மதிப்பெண் வந்தது. எஸ்பிஎம்-இல் எத்தனை ஏ என்று கேட்டால் சொல்லிவிடலாம். வேலையிடத்தில் அப்படி இல்லை. நன்றாகச் செய்தால் ஒருவரும் எதுவும் சொல்வதில்லை. பிழை செய்தால் மட்டும் கூப்பிடுவார்கள். இருபது ஆண்டு மதிப்பெண்ணை வைத்தே தன்னை அளந்து பழகிய பிள்ளை, மேலாளரின் முகத்தைப் பார்த்துத் தன்னை அளக்கத் தொடங்குகிறது.

அதோடு தனிமை. அறையில் நான்கு பேர் இருந்தாலும் ஆளுக்கொரு கைப்பேசி. அதில் கூடப் படித்தவன் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறான், இன்னொருத்தி ஜப்பானில் படம் எடுத்துப் போடுகிறாள். அவர்களும் கார் நிறுத்துமிடத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கலாம். அதை யார் படம் எடுத்துப் போடப்போகிறார்கள்?

நம் சமூகத்துக்கு இன்னொரு பாரமும் உண்டு. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். அப்பா லாரி ஓட்டியோ தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தோ படிக்க வைத்திருப்பார். அந்த அன்பு பெரியது. ஆனால் அதுவே சில நேரம் வாயை அடைத்துவிடுகிறது. "அவங்க பட்ட கஷ்டத்துக்கு முன்னாடி ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன கஷ்டம்?" என்று நாமே நம்மை அடக்கிக்கொள்கிறோம். பெற்றோரும் தெரியாமல், "நாங்க படாத கஷ்டமா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

கஷ்டத்தைத் தராசில் வைத்து ஒப்பிட வேண்டியதில்லை. தாத்தாவின் முதுகு வலித்தது உண்மை. பேத்தியின் மனம் வலிப்பதும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது.

கிருஷ்ணர் முதலில் என்ன செய்தார்?

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருவோம். முதல் அத்தியாயம் முழுவதிலும் கிருஷ்ணர் எத்தனை முறை பேசுகிறார் தெரியுமா? ஒரே முறை. தேரை இரு படைகளுக்கும் நடுவில் நிறுத்தி, கூடியிருக்கும் கௌரவர்களைப் பார் என்கிறார், அவ்வளவுதான். அதன்பிறகு அர்ஜுனன் கொட்டித் தீர்க்கிறான். பகவான் குறுக்கே பேசவில்லை. ஞானம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில்தான் மறுமொழி சொல்கிறார். இந்தத் தளர்ச்சி உனக்குத் தகாது, எழுந்திரு என்கிறார். நாம் எல்லோரும் சொல்வதும் இதைத்தானே? "எழுந்திருடா, ஸ்ட்ராங்கா இரு." ஆனால் அர்ஜுனன் எழுந்திருக்கவில்லை! அந்த ஒரு சொல்லால் எழ முடியாத இடத்தில் அவன் இருந்தான். மறுபடியும் தன் வேதனையைச் சொல்கிறான். புலன்களை எல்லாம் உலர்த்தும் இந்தத் துயரத்தை எது போக்கும் என்றே தெரியவில்லை என்கிறான். எனக்கு வழி தெரியவில்லை, உன்னிடம் வந்துவிட்டேன், எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்கிறான். பிறகு போரிட மாட்டேன் என்று சொல்லி மௌனமாகிறான்.

கீதையின் உபதேசம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டாம் அத்தியாயம், பதினோராவது சுலோகம்.

வரிசையைப் பாருங்கள். முதலில் ஒருவன் தன் நிலையை மறைக்காமல் சொன்னான். ஒருவர் முழுதாகக் கேட்டார். அவன் உதவி கேட்டான். அதன்பிறகே வழி பிறந்தது. "எல்லாம் ஓகே" என்று அர்ஜுனன் அன்றைக்குச் சிரித்திருந்தால் நமக்குக் கீதை கிடைத்திருக்காது. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள்: உதவி கேட்பது பக்திக் குறைவல்ல. கீதை தொடங்குவதே அதில்தான்.

"சாமி கும்பிட்டா சரியாயிடும்"

இப்படிச் சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். வழிபாடு மனத்துக்குத் தெம்பு தரும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் திருநீறும் பூசுகிறோம், கிளினிக்குக்கும் போகிறோம். மனத்துக்கு மட்டும் ஏன் ஒன்றே ஒன்று?

அப்பர் பெருமானை நினைத்துப் பாருங்கள். சமண மடத்தில் தருமசேனர் என்று உயர்ந்த பொறுப்பில் இருந்தபோது சூலை நோய் வந்தது. பொறுக்க முடியாதபோது அவர் பதவியைப் பார்க்கவில்லை. அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். அக்கா அங்கே வர இயலாது என்றதும், இரவோடு இரவாகத் தானே திருவதிகைக்குப் போய் அக்காவின் காலில் விழுந்தார். வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு ஓர் அக்கா இருந்தார், அவரும் சொன்னார்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு பேர்களைச் சேர்க்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். இதில் நோயாளி மட்டும் தனியாகப் போராட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

நம் நாட்டில் கேலிக்குப் பேசும் பேச்சு ஒன்றுண்டு: "இவனை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்." 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையை வைத்துச் செய்யும் கேலி. சும்மா விளையாட்டுக்குத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்ட ஒரு தம்பி அன்றோடு வாயை மூடிக்கொள்ளக்கூடும். இந்த மாதத்திலிருந்து நம் கிளைகளில் அந்தப் பேச்சை விட்டுவிடுவோமே.

என்ன செய்யலாம்?

1. ஒருவரிடம் சொல்லுங்கள். நீளமாகப் பேச வேண்டியதில்லை. "ரெண்டு வாரமா தூக்கமே இல்ல. எனக்கு முடியல. கொஞ்சம் பேசணும்." இது போதும்.

2. அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். "உடம்பு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், தூக்கம், பசி, மனநிலை மூன்றையும் சொல்லுங்கள். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்றவையும் இதே மாதிரிச் சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்யலாம். தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் மெந்தாரி என்னும் சமூக மனநல மையங்களும் இருக்கின்றன.

3. சிகிச்சைக்குப் பயப்பட வேண்டாம். சிலருக்கு ஆலோசனை மட்டும் போதும், சிலருக்கு மருந்தும் வேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். "ஒரு வாரம் சாப்பிட்டேன், ஒன்னும் ஆகல" என்று விட்டுவிடாதீர்கள். தேறியதும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

4. உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வேலை நேரம் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவர்க்கும் ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித்தரும்படி எழுத்தில் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனம் நோயுற்றாலும் அது நோய்தான், மருத்துவ விடுப்பு எடுக்கலாம்.

5. அளவோடு இருங்கள். கீதையின் ஆறாம் அத்தியாயம், மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாகத் தூங்குபவனுக்கும் தூங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது. உணவு, ஓய்வு, வேலை, தூக்கம் எல்லாவற்றிலும் அளவு கேட்கிறது. இரவு பத்து மணிக்குமேல் அலுவலகக் குழுவின் அறிவிப்பு ஒலியை நிறுத்துவதும் ஒருவகை சாதனைதான்.

6. மனம் வரட்டும் என்று காத்திருக்காமல் சின்னதாக ஒன்றைச் செய்யுங்கள். மனச்சோர்வில் "மூட் வந்ததும் போகலாம்" என்றால் மூட் வரவே வராது. தாமானைச் சுற்றிப் பத்து நிமிட நடை, ஒரே ஒரு பதிகம், துணி துவைப்பது. சில நேரம் செயல் முன்னே போகும், மனம் பின்னால் வரும்.

கூடவே, பலனைப் பற்றிக் கவலைப்படாமல் கடமையைச் செய் என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஓய்வில்லாமல் உழைத்துத் தேய்ந்து போ என்பதல்ல அதன் பொருள். உன் முயற்சி உன் கையில், முடிவு முழுவதும் உன் கையில் இல்லை, ஆகவே முடிவை வைத்து உன்னை எடைபோடாதே என்பதே நான் புரிந்துகொண்டது. வேலை உறுதிக் கடிதம் தள்ளிப்போனால் கடிதம்தான் தள்ளிப்போனது, நீங்கள் தோற்றவரல்ல.

நண்பன் உட்கார்ந்துவிட்டால்

நம்மில் பலர் இன்றைக்கு அர்ஜுனனாக இல்லை, பக்கத்தில் இருப்பவராக இருக்கிறோம். அவர்களுக்கும் இது பாடம். கூட இருங்கள், கேளுங்கள். உடனே தீர்வு சொல்லாதீர்கள். "இதுக்கெல்லாமா?" என்று கேட்காதீர்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

உயிரை விட்டுவிடும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று நிம்மதி அடைபவர்களே அதிகம். "ஆமாம்" என்றால் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெஃப்ரெண்டர்ஸ் 24 மணி நேரமும் 03-7627 2929 எண்ணில் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உடனடி ஆபத்து என்றால் 999 அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். போலீஸ் வந்து பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது.

கிளைக் கூட்டத்தில் பேச

1. முதல் அத்தியாயத்தை ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும். அர்ஜுனன் உடம்பில் நடப்பதாகச் சொல்பவற்றைப் பட்டியலிடுங்கள். எதை நீங்களும் உணர்ந்திருக்கிறீர்கள்? சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.

2. "எழுந்திரு" என்ற முதல் சொல்லுக்கு அர்ஜுனன் ஏன் எழவில்லை? நீங்கள் யாரிடமாவது அப்படிச் சொல்லியிருக்கிறீர்களா?

3. கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவரை யார் போய்ப் பார்ப்பது?

மூன்றாவது கேள்விக்குப் பெயரும் நாளும் முடிவு செய்யாமல் கூட்டத்தை முடிக்காதீர்கள்.

கவிதாவின் கதையை எப்படி முடிப்பது? ஒரு சனிக்கிழமை, தேவார வகுப்புத் தோழி ஒருத்தி தோசையை வாங்கிக்கொண்டு அறைக்கே வந்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "ஏன்டி வர்றதில்ல?" என்று கேட்டுவிட்டு, "பிஸி" என்ற பதிலை ஏற்காமல் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறாள். அரை மணி நேரம் கழித்து, "கார்ல இருந்து இறங்க முடியல டி" என்று கவிதா சொல்கிறாள். அன்றைக்கு வேறு எதுவும் தீரவில்லை. திங்கட்கிழமை இருவரும் கிளினிக்குக்குப் போகிறார்கள்.

அர்ஜுனன் உட்கார்ந்தது முதல் அத்தியாயத்தின் கடைசியில். மயக்கம் தெளிந்தது என்று அவன் சொல்வது பதினெட்டாம் அத்தியாயத்தின் கடைசியில். இடையில் எத்தனையோ கேள்விகள், எத்தனையோ ஐயங்கள். அத்தனை நேரமும் கிருஷ்ணர் தேரை விட்டு இறங்கிப் போய்விடவில்லை.

உட்கார்ந்துவிட்டவர் மெதுவாக எழட்டும். நாம் பக்கத்தில் இருப்போம்.